டோக்கன் வழிப் புகுபதிகையும் அணுக்க உரிமைகளும்

டோக்கன் வழிப் புகுபதிகை என்பது, வலைச் செயலி ஒன்றில் பயனர் ஒருவர் தமது கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்துத் தம்மை அடையாளம் காட்டிய பின்னர், வழங்கி அவருக்கு அளிக்கும் ஓர் இலக்கமுறைச் சீட்டைக் கொண்டு அவரது அடுத்தடுத்த வேண்டுகோள்களை ஏற்கும் முறையாகும். இச்சீட்டே டோக்கன் எனப்படுகிறது. அணுக்க உரிமை என்பது, அவ்வாறு அடையாளம் காணப்பட்ட பயனர் எத்தகவலைப் பார்க்கலாம், எதை மாற்றலாம், எதை அழிக்கலாம் என்பதை வரையறுக்கும் விதிகளின் தொகுப்பாகும்.

இவை இரண்டும் ஒரே செயலியில் அடுத்தடுத்து அமைவதால் ஒன்றெனவே கருதப்படுவதுண்டு. ஆனால் இவை விடையளிக்கும் வினாக்கள் வெவ்வேறானவை. "வந்திருப்பவர் யார்?" என்பது புகுபதிகையின் வினா. "இவர் இச்செயலைச் செய்யலாமா?" என்பது அணுக்க உரிமையின் வினா. முதல் வினாவுக்குச் சரியான விடை கிடைத்துவிட்டதால் இரண்டாம் வினாவைக் கேட்காமல் விடும் செயலிகளே பெரும்பாலும் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட பத்து முதன்மை ஆபத்துகளின் பட்டியலில், பழுதான அணுக்கக் கட்டுப்பாடு முதலிடம் பெற்றது. 2017 ஆம் ஆண்டுப் பட்டியலில் அது ஐந்தாம் இடத்தில் இருந்தது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரப் பட்டாசுத் தொழிலில் உள்ள உரிம முறையிலிருந்து தரப்படுகின்றன. அனுமதிச் சீட்டு ஒன்று எவ்வாறு வழங்கப்படுகிறது, எவ்வாறு வரையறுக்கப்படுகிறது, தவறாகக் கைமாறினால் என்ன நேரும் என்பவற்றை அம்முறை கணினிக்கு வெளியே தெளிவாகக் காட்டுகிறது.

வரலாறு

வலையின் அடிப்படையான மீயுரை பரிமாற்ற நெறிமுறை நினைவற்றது. ஒவ்வொரு வேண்டுகோளையும் வழங்கி புதியதாகவே காண்கிறது. சற்று முன் புகுபதிந்தவரே இப்போதும் கேட்கிறார் என்பதை அது தானாக அறியாது. இக்குறையை நீக்க, 1994 ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்பவர் குக்கி எனப்படும் சிறு தரவுத் துணுக்கை உருவாக்கினார். வழங்கி கொடுக்கும் ஓர் எண்ணை உலாவி வைத்திருந்து ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பும். அந்த எண்ணுக்குரிய பயனர் யார் என்ற குறிப்பு வழங்கியின் நினைவகத்தில் இருக்கும். இது அமர்வு முறை எனப்படுகிறது.

ஒரே செயலி பல வழங்கிகளில் இயங்கத் தொடங்கியபோதும், கைபேசிச் செயலிகள் பெருகியபோதும், ஒவ்வொரு வழங்கியும் பொதுவான குறிப்பேடு ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது சுமையாயிற்று. குறிப்பேட்டிற்கு மாறாக, தேவையான செய்தியைச் சீட்டிலேயே எழுதி முத்திரையிட்டுக் கொடுக்கும் முறை பரவியது. இக்கருத்து புதியதன்று. மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் உருவான கெர்பெரோசு நெறிமுறையும் சீட்டு என்ற கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஓஆத் 2.0 நெறிமுறை 2012 அக்டோபரிலும், இன்று பரவலாக வழங்கும் ஜேசன் வலை டோக்கன் வடிவம் 2015 மே மாதத்திலும் சீர்தரங்களாக வெளியிடப்பட்டன.

அணுக்க உரிமைகளின் வரலாறு வலைக்கு முற்பட்டது. ஒவ்வொரு அணுக்கத்தையும் தவறாமல் சோதிக்க வேண்டும், தேவைக்கு மேற்பட்ட அதிகாரத்தை எவருக்கும் தரலாகாது என்னும் இரு நெறிகளை 1975 ஆம் ஆண்டு ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் தம் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துரைத்தனர். பணிப்பொறுப்பின் அடிப்படையில் உரிமை வழங்கும் முறையை டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் ஆகியோர் 1992 ஆம் ஆண்டு முறைப்படுத்தினர்.

பட்டாசு உரிமம்: ஓர் ஒப்பீடு

இந்தியாவில் பட்டாசு உற்பத்தி 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தாலும் 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளாலும் நெறிப்படுத்தப்படுகிறது. ஒரே நேரத்தில் கையாளும் அளவைப் பொறுத்து உரிமம் வழங்கும் அதிகாரி மாறுபடுகிறார்.

* 15 கிலோகிராம் வரை: மாவட்ட நிருவாகம். விருதுநகர் மாவட்டத்தில் இது டி.ஆர்.ஓ. உரிமம் என வழங்கப்படுகிறது. டி.ஆர்.ஓ. என்பது மாவட்ட வருவாய் அலுவலரைக் குறிக்கும்.
* 500 கிலோகிராம் வரை: வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரி. தொழில் வட்டாரத்தில் இது சென்னை உரிமம் எனப்படும்.
* அதற்கு மேல்: நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் முதன்மைக் கட்டுப்பாட்டு அதிகாரி. இது நாக்பூர் உரிமம் எனப்படும்.

உரிமத்தில் பெற்றவர் பெயர், இடம், அளவு, செல்லுபடியாகும் நாள், வழங்கியவரின் ஒப்பம் ஆகியவை இருக்கும். டோக்கனிலும் இவற்றுக்கு இணையான கூறுகளே உள்ளன. உரிமம் இருப்பதாலேயே எதையும் செய்துவிட இயலாது என்பதும் கவனிக்கத்தக்கது. மருந்து கலக்கும் அல்லது செலுத்தும் அறை ஒன்றில் நால்வருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் உரிமம் பெற்ற ஆலைக்கும் அன்றாடம் பொருந்தும். ஆலைக்குள் நுழையும் உரிமை வேறு, குறிப்பிட்ட அறையில் குறிப்பிட்ட வேலையைச் செய்யும் உரிமை வேறு.

டோக்கனின் அமைப்பு

ஜேசன் வலை டோக்கன் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகளைக் கொண்டது.

* தலைப்பு: எந்த முறையில் ஒப்பமிடப்பட்டது என்னும் குறிப்பு.
* உள்ளடக்கம்: வெளியிட்டவர், யாருக்குரியது, எந்தச் செயலிக்கானது, எப்போது காலாவதியாகும், எவ்வெவ் உரிமைகள் உள்ளன என்னும் கூற்றுகள்.
* ஒப்பம்: முதலிரு பகுதிகளையும் மறைத் திறவுகோலையும் சேர்த்துக் கணிக்கப்படும் மதிப்பு.

உள்ளடக்கத்தில் ஓரெழுத்தை மாற்றினாலும் ஒப்பம் பொருந்தாது. திறவுகோல் இல்லாதவரால் புதிய ஒப்பத்தைக் கணிக்க இயலாது. இதனால் சீட்டைத் திருத்தி 15 கிலோவை 500 கிலோவாக மாற்றுவது போன்ற மோசடி தடுக்கப்படுகிறது.

ஆயினும், ஒப்பமிடுதல் வேறு, மறைத்தல் வேறு. உள்ளடக்கம் வெறும் எழுத்துமாற்றம் செய்யப்பட்டதே தவிர மறையாக்கம் செய்யப்பட்டதன்று. டோக்கனைக் கையில் பெற்ற எவரும் அதைப் படிக்கலாம். எனவே கடவுச்சொல், ஆதார் எண், கைபேசி எண் போன்றவற்றை அதில் இடுவது தவறாகும்.

ஒப்பத்தைச் சோதிக்கும்போது, எம்முறையைப் பயன்படுத்துவது என்பதை வழங்கியே முன்கூட்டித் தீர்மானித்திருக்க வேண்டும். டோக்கனின் தலைப்பு சொல்லும் முறையை அப்படியே நம்பிய சில நிரலகங்கள், "ஒப்பம் இல்லை" என எழுதிய டோக்கன்களையும் ஏற்றுக்கொண்டது 2015 ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. தன் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் விதியைச் சீட்டே சொல்ல இடமளித்ததன் விளைவு இது.

புகுபதிகை நிகழும் விதம்

1. பயனர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் மறையாக்கப்பட்ட இணைப்பின் வழியே அனுப்புகிறார்.
2. வழங்கி அக்கடவுச்சொல்லைத் தரவுத்தளத்தில் உள்ள சுருக்க மதிப்புடன் ஒப்பிடுகிறது. கடவுச்சொல்லை உள்ளபடியே சேமித்தல் கூடாது. பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற, வேண்டுமென்றே மெதுவாகச் செயற்படும் சுருக்கச் சார்புகள் இதற்கெனவே உருவாக்கப்பட்டவை.
3. பொருந்தினால் இரண்டு டோக்கன்கள் வழங்கப்படுகின்றன. அணுக்க டோக்கன் சில நிமிடங்களே செல்லுபடியாகும். புதுப்பிப்பு டோக்கன் நாட்கணக்கில் செல்லுபடியாகும்.
4. ஒவ்வொரு வேண்டுகோளிலும் அணுக்க டோக்கன் உடன் செல்கிறது. வழங்கி ஒப்பத்தையும் காலாவதியையும் வெளியிட்டவரையும் சோதிக்கிறது.
5. அணுக்க டோக்கன் காலாவதியானதும், புதுப்பிப்பு டோக்கனைக் காட்டிப் புதிய ஒன்று பெறப்படுகிறது. பயனர் மீண்டும் கடவுச்சொல் கொடுக்க வேண்டியதில்லை.

இரு டோக்கன்கள் எதற்கு என்ற ஐயம் எழலாம். அடிக்கடி அனுப்பப்படும் சீட்டு களவாடப்படும் வாய்ப்பும் மிகுதி. எனவே அதற்குக் குறுகிய ஆயுள் தரப்படுகிறது. நீண்ட ஆயுள் கொண்டது, புதுப்பிக்கும் வேளையில் மட்டும், அதற்குரிய ஒரே முகவரிக்கு அனுப்பப்படுகிறது. ஒருமுறை பயன்படுத்திய புதுப்பிப்பு டோக்கனைச் செல்லாததாக்கி வேறொன்று கொடுப்பது நல்ல வழக்கமாகும். பழையது மீண்டும் வந்தால், அது இருவர் கையில் இருக்கிறது எனத் தெரிந்துவிடும்.

உலாவியில் டோக்கனை எங்கு வைப்பது என்பதும் முக்கியமானது. பக்கத்தில் இயங்கும் நிரல்கள் படிக்கக்கூடிய சேமிப்பிடத்தில் வைத்தால், பக்கத்தினுள் தீய நிரலைப் புகுத்தும் ஒருவர் அதை எடுத்துச் செல்லலாம். நிரல்களால் படிக்க இயலாத வகைக் குக்கியில் வைப்பது இவ்வாபத்தைக் குறைக்கும். ஆனால் குக்கி தானாகவே அனுப்பப்படுவதால், வேறொரு தளம் பயனரறியாமல் வேண்டுகோளைத் தூண்டாதிருக்கத் தனிக் காப்பும் வேண்டும்.

அணுக்க உரிமைகளை வகுத்தல்

பட்டாசு ஆலை உரிமங்களைக் கையாளும் கற்பனைச் செயலி ஒன்றைக் கொள்வோம். அதில் பின்வரும் பொறுப்புகள் அமையலாம்.

* பொதுமக்கள்: உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை மட்டும் பார்த்தல்.
* ஆலை உரிமையாளர்: விண்ணப்பம் இடுதல், தமது ஆலையின் பதிவுகளைப் பார்த்தல்.
* ஆலை மேற்பார்வையாளர்: அன்றாட இருப்பையும் பணியாளர் வருகையையும் பதிதல்.
* மாவட்ட வருவாய் அலுவலர்: 15 கிலோகிராமுக்கு உட்பட்ட விண்ணப்பங்களுக்கு முடிவு அளித்தல்.
* ஆய்வு அலுவலர்: எல்லா ஆலைகளின் பதிவுகளையும் படித்தல், ஆய்வறிக்கை சேர்த்தல்.

உரிமை தனியாளுக்கன்றிப் பொறுப்புக்கு வழங்கப்படுவதைக் கவனிக்க. அலுவலர் இடமாற்றம் பெறும்போது, அவரிடமிருந்து பொறுப்பை நீக்கிப் புதியவருக்குக் கொடுத்தால் போதும்.

பொறுப்பைச் சோதிப்பதோடு பணி முடிவதில்லை. மேற்கண்ட செயலியில் ஆலை உரிமையாளர் எனும் பொறுப்பில் நூற்றுக்கணக்கானோர் இருப்பர். அவர்களுள் ஒருவர், தம் முகவரிப் பட்டையில் உள்ள ஆலை எண் 118 என்பதை 119 என மாற்றினால் அடுத்தவரின் பதிவு திறந்துவிடக் கூடாது. "இவர் உரிமையாளரா?" என்பதோடு "இவர் இந்த ஆலைக்கு உரிமையாளரா?" என்றும் வழங்கி கேட்க வேண்டும். நடைமுறையில் மிகுதியாக விடுபடும் சோதனை இதுவே.

பொத்தானை மறைத்துவிடுவது பாதுகாப்பாகாது. திரையில் இல்லாத பொத்தானுக்குரிய வேண்டுகோளை எவரும் கையால் எழுதி அனுப்பலாம். எனவே சோதனை வழங்கியிலேயே நிகழ வேண்டும். எதுவும் வெளிப்படையாக அனுமதிக்கப்படாத வரை மறுக்கப்பட்டதாகவே கொள்ளுதல் பொது நெறியாகும்.

மறுப்பைத் தெரிவிக்க நெறிமுறையில் இரு குறியெண்கள் உள்ளன. 401 என்பது "நீங்கள் யாரெனத் தெரியவில்லை" என்று பொருள்படும். 403 என்பது "நீங்கள் யாரெனத் தெரியும், ஆயினும் இதற்கு அனுமதி இல்லை" என்று பொருள்படும். முன்னதைப் பெறும் செயலி பயனரைப் புகுபதிகைப் பக்கத்துக்கு அனுப்பலாம். பின்னதற்கு மீண்டும் புகுபதிவதால் பயன் இல்லை.

கைமாறும் சீட்டு

வழக்கமான டோக்கன்கள் கொண்டுவருபவருக்கே செல்லுபடியாகும் வகையைச் சார்ந்தவை. பேருந்துப் பயணச்சீட்டைப் போல, யார் கையில் உள்ளதோ அவரே உரியவர் எனக் கொள்ளப்படுவார். களவாடியவர் கையில் இருந்தாலும் ஒப்பம் சரியாகவே இருக்கும்.

இதனால் வரும் தீங்கைப் பட்டாசுத் தொழில் பெரும் விலை கொடுத்து அறிந்திருக்கிறது. 2021 பெப்ரவரி 12 அன்று, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் உள்ள ஆலை ஒன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒருவர் பெயரில் உரிமம் பெற்ற அவ்வாலையின் அறைகள் வேறு பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. தாளில் இருந்த பெயர் ஒன்று, அறைகளில் வேலை நடத்தியவர்கள் வேறு. உரிமத்தை மட்டும் பார்ப்பவருக்குக் குறை எதுவும் தெரியாது.

வலைச் செயலிகளில் இதற்கு நிகரானது, ஒருவரின் கணக்கை அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் வழக்கமாகும். அவசரத்துக்குக் கடவுச்சொல்லைச் சொல்லிக் கொடுப்பதால், யார் எதைச் செய்தார் என்பதே பதிவேட்டில் இல்லாமற் போகிறது. பிறரிடம் பணியை ஒப்படைப்பது தவிர்க்க இயலாதது. அதனால் அதற்கென முறையான வழி அமைக்கப்பட வேண்டும். ஓஆத் 2.0 அத்தகைய வழியாகும். உரியவர் தம் கடவுச்சொல்லைத் தராமலேயே, பதிவுபெற்ற வேறொரு செயலிக்கு, குறித்த வரம்புக்குள், குறித்த காலத்துக்கு இசைவளிக்கிறார். பின்னர் திரும்பப் பெறவும் அவரால் இயலும். இந்திய அரசின் டிஜிலாக்கர் சேவையில் உள்ள ஆவணங்களைப் பிற செயலிகள் பயனரின் இசைவோடு பெறுவது இம்முறையிலேயே ஆகும்.

களவாடப்பட்ட டோக்கன் பயன்படாதவாறு, அதை உரியவரிடம் மட்டுமே உள்ள திறவுகோலுடன் பிணைக்கும் சீர்தரம் ஒன்று 2023 செப்டம்பரில் வெளியானது. இதில் டோக்கனைக் காட்டுவதோடு, திறவுகோல் தம்மிடம் இருப்பதையும் ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க வேண்டும்.

திரும்பப் பெறுதல்

ஒப்பமிட்ட டோக்கனின் சிறப்பு, வழங்கி எந்தக் குறிப்பேட்டையும் பார்க்காமல் அதை ஏற்கலாம் என்பதாகும். அதன் குறையும் அதுவே. வழங்கிய பின்னர் ஒருவரின் உரிமையை நீக்கினாலும், அவர் கையில் உள்ள சீட்டு காலாவதியாகும் வரை செல்லும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 38 பேர் உயிரிழந்தனர். விதிமீறல்களுக்காக அவ்வாலையின் உரிமம் விபத்துக்குச் சற்று முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். அன்று ஆலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. தடை ஆணை பிறப்பிக்கப்படுவதற்கும் அது களத்தில் நடைமுறைக்கு வருவதற்கும் இடையிலான காலமே ஆபத்தான காலம்.

செயலிகளில் இவ்விடைவெளியைக் குறைக்கும் வழிகள் மூன்று.

* அணுக்க டோக்கனின் ஆயுளைக் குறைத்தல். 15 நிமிட ஆயுள் எனில், நீக்கப்பட்டவர் அதிக அளவாக 15 நிமிடம் நீடிப்பார்.
* நீக்கப்பட்ட டோக்கன்களின் பட்டியலை வைத்திருந்து ஒவ்வொரு வேண்டுகோளிலும் பார்த்தல். இது குறிப்பேட்டின் சுமையை மீண்டும் கொண்டுவரும்.
* சாதாரணச் செயல்களுக்கு டோக்கனை மட்டும் நம்பி, பணம் அனுப்புதல், உரிமம் வழங்குதல் போன்ற பெருஞ்செயல்களுக்குத் தரவுத்தளத்தில் உள்ள அந்நேர நிலையைச் சோதித்தல்.

எதைத் தெரிவது என்பது, தவறினால் விளையும் இழப்பைப் பொறுத்தது. சிறு செயலி ஒன்று ஒரே வழங்கியில் இயங்குமாயின், பழைய அமர்வு முறையே எளிதாகவும் உடனடியாக நீக்கத்தக்கதாகவும் இருக்கும். டோக்கன் முறை எல்லாவிடத்தும் மேலானதன்று.

அச்சிட்ட குறியீடுகள்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்துத் தீர்ப்பளித்தது. இதனையடுத்து நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் உருவான பசுமைப் பட்டாசுகள் 2019 அக்டோபரில் அறிமுகமாயின. போலிகளைத் தடுக்க அவற்றின் பெட்டிகளில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. 2025 அக்டோபரில் தில்லி வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுகளைச் சில நாட்களுக்கு விற்க இசைவளித்தபோதும் உச்ச நீதிமன்றம் இக்குறியீட்டை வலியுறுத்தியது.

டோக்கன் நோக்கில் இதன் வரம்பு எளிதில் விளங்கும். மாறாத அச்சுக் குறியீட்டைப் படியெடுத்து வேறொரு பெட்டியில் ஒட்ட இயலும். அந்நிலையில் குறியீடு உண்மையானதாகவும் பெட்டி போலியானதாகவும் இருக்கும். ஒரு பதிப்பு முழுவதற்கும் ஒரே குறியீடு இருப்பதைவிட, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண்ணும், அவ்வெண் எத்தனை முறை, எங்கெங்கு சோதிக்கப்பட்டது என்னும் பதிவும் இருந்தால் படியெடுப்பைக் கண்டறியலாம். பயன்படுத்திய புதுப்பிப்பு டோக்கன் மீண்டும் வருவதைக் கொண்டு களவைக் கண்டறியும் முறையும் இத்தகையதே.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

* குறியாக்க முறைகளைத் தாமே எழுதாமல், சோதிக்கப்பட்ட நிரலகங்களைப் பயன்படுத்துதல்.
* மறைத் திறவுகோலை நிரல்மூலத்தில் எழுதாதிருத்தல், குறித்த கால இடைவெளியில் மாற்றுதல்.
* டோக்கனில் தேவையான உரிமைகளை மட்டும் குறித்தல்.
* பொறுப்பு, பொருள் ஆகிய இரண்டையும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் வழங்கியில் சோதித்தல்.
* அனுமதித்தவற்றைப் போலவே மறுத்தவற்றையும் பதிவு செய்தல். பதிவேட்டில் டோக்கனை முழுமையாக எழுதாதிருத்தல்.
* அனுமதி உள்ளவர் செய்ய முடிகிறதா என்பதோடு, அனுமதி இல்லாதவரால் செய்ய முடியவில்லை என்பதையும் சோதனைகளில் உறுதிசெய்தல்.

இவற்றையும் பார்க்கவும்

* கடவுச்சொல்
* மறையாக்கம்
* இலக்கமுறை ஒப்பம்
* சிவகாசி
* வெடிபொருள் சட்டம், 1884